முன்னெழுத்து

பதினோராம் மாதம், பதினோராம் தேதி, காலை பதினொரு மணி.
சுவாசோனுக்கு இப்பால் எங்கள் சிற்றூரில்
எல்லோரும் கறுப்புக் கோட்டில் நிற்கிறோம்.
பேக்கரிக்காரி மட்டும் மாவு படிந்த மேலங்கியோடு
கடையைப் பூட்டாமல் ஓடி வந்திருக்கிறாள்.

கீழே ஓடும் ஆற்றுக்குப் பெயர் 'என்'.
எழுதுவது வேறு மாதிரி, சொன்னால் 'என்'தான்.
வந்த புதிதில் அம்மா கேட்பாள்:
என் என்றால், என் என்ன?
அப்போது சிரித்தோம்.

கல்லில் அறுபத்து மூன்று பெயர்கள்.
முதல் போரில் ஒரே பண்ணை வீட்டிலிருந்து மூன்று பேர்.
இரண்டாம் போருக்கு எட்டு. அல்ஜீரியாவுக்கு ஒன்று.
எல்லாருக்கும் கீழே, பொன்பூச்சு இன்னும் மங்காமல்,

மாசிலாமணி எ.

அது அப்பாவின் பெயர்.
அப்பா என் பக்கத்தில் நிற்கிறார்.

நம் வழக்கத்தில் அப்பன் முன்னெழுத்து,
பிள்ளைதான் பெயர்.
மா. எழிலன் என்றுதான்
புதுச்சேரியில் அவனுக்கு முதல் நோட்டில் அட்டை போட்டேன்.
இங்கே படிவத்தில் இரண்டு பெட்டிகள் இருந்தன.
பெரிய பெட்டியில் அப்பா ஏறிக்கொண்டார்,
சின்னதில் நாங்கள்.
என் பேருந்து ஓட்டுநர் அட்டையிலும் மாசிலாமணிதான்.
அவனுடைய ராணுவச் சட்டையில்
நெஞ்சுக்கு மேலே தைத்த பட்டையிலும்.

'இங்க என்னை எல்லாரும் மாசின்னு கூப்பிடறாங்கக்கா,
அப்பா கேட்டா உதைப்பார்' என்றான்
பாலைவனத்திலிருந்து, விட்டு விட்டுக் கேட்ட குரலில்.
பின்னால் யாரோ தட்டில் கரண்டியால் தட்டினார்கள்.
சாப்பாடு. வைத்துவிட்டான்.

வண்டியில் ஐந்து பேர்.
பாதையில் புதைத்து வைத்தது எது என்று
கடிதத்தில் நீளமாக எழுதியிருந்தார்கள். நான் படிக்கவில்லை.
தப்பிய இருவரில் ஒருவன் வீட்டுக்கு வந்தான்,
காதுகள் சிவந்த பிரெத்தோன் பையன்.
அம்மா வைத்த வடையைத் தொடாமல்
மாசி இப்படி, மாசி அப்படி என்று சொல்லிக்கொண்டே இருந்தான்.
ஒவ்வொரு முறையும்
கூப்பிட்டதுபோல் அப்பா நிமிர்ந்தார்.

மேயர் வாசிக்கிறார்.
ஒவ்வொரு பெயருக்கும் பின்னால்
பள்ளிப் பிள்ளைகள் சேர்ந்து சொல்கிறார்கள்:
பிரான்சுக்காக இறந்தார்.
தொப்பி நனைந்த ஒரு பொடியன் எப்போதும் அரை நொடி பிந்துகிறான்.

முதல் வருஷம் மேயர் தடுக்கி விழுந்த பெயர் இது.
நேற்று மாலை எனக்கு ஃபோன் செய்தார்.
அசை அசையாகச் சொல்லிக்கொடுத்தேன்,
மா, சி, லா,
சரி மேடம், இன்னொரு தடவை மேடம்.
பன்னிரண்டு தடவை அப்பா பெயரைச் சொன்னேன்.
அப்பா சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

போன வருஷம் சளி என்று வரவில்லை.
இந்த வருஷம் தானே இஸ்திரி போட்டுக்கொண்டு வந்தார்.

மேயர் மூச்சை இழுத்துக்கொள்கிறார்.
பிழையே இல்லாமல் சொல்லிவிடுகிறார்,
மாசிலாமணி.

பிள்ளைகள் வாய் திறப்பதற்குள்
தாழ்ந்த குரலில், தமிழில், அப்பா:
'உள்ளேன் ஐயா.'

பேக்கரிக்காரி அதைப் பிரார்த்தனை என்று நினைத்து
சிலுவை போட்டுக்கொண்டாள்.
பிரான்சுக்காக இறந்தார் என்றார்கள் பிள்ளைகள்,
பிந்தும் பொடியனும் முடித்தான்.
நான் அப்பாவைப் பார்க்கவில்லை. அவரும் என்னை.

எல்லோரும் நகராட்சி மண்டபத்துக்கு ஒயின் குடிக்கப் போனார்கள்.
நான் கல்லருகே குனிந்தேன்.
அந்த 'எ'வுக்குப் பக்கத்தில்
உளி ஆழமாக இறங்கிய ஒரு புள்ளி.
ஆற்றங்கரையில் அவனைக் கூவிக் கூப்பிட்ட
'ழி', 'ல', 'ன்' எல்லாம் அதற்குள்தான் போயிருக்க வேண்டும்.
மழைநீர் தேங்கியிருந்தது.
விரலால் துடைத்தேன்.
மறுபடி தேங்கியது.

'வாம்மா,' என்றார் அப்பா,
'ரொட்டி தீர்ந்துடும்.'